பேரிங் மாற்றாத எட்டு மாதம்

எங்கள் மீன்தொட்டி மோட்டார் எட்டு மாதம் கத்தியது. நான்தான் கத்தவிட்டேன்.

மீன்கடையை மூடிவிட்டு ஊர்போன ஒருவரிடம் தொட்டியையும் மோட்டாரையும் சேர்த்து வாங்கியிருந்தேன். தண்ணீரை வடிகட்டிச் சுற்றவிடுகிற மோட்டார். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் சின்னக் கூடத்துக்குக் கொஞ்சம் பெரிது. வந்த புதிதில் சமர்த்தாக ஓடியது. பிறகு பேரிங் தேயத் தேய ஒரு முனகல், முனகல் முற்றி ஒரு கரகரப்பு, கடைசியில் மணலை அம்மியில் வைத்து இழுக்கிற மாதிரி ஓயாத அரைப்பு. மனைவி தினமும் சொன்னாள். நாளைக்கு, என்றேன். நாளைக்கு, நாளைக்கு.

காரணம் இருந்தது. எங்கள் வீட்டில் ஒரே ஒரு சன்னலோரத்தில்தான் போனுக்கு சிக்னல் நிற்கும். அந்தச் சன்னலுக்குக் கீழேதான் தொட்டி. ஞாயிறு மாலை நாலு மணிக்குக் கோயம்புத்தூரிலிருந்து மகள் அம்மாவைக் கூப்பிடுவாள். என்னோடு பேசி இரண்டு வருஷம் ஆகிறது. மோட்டார் போடுகிற போட்டில் போனைக் காதில் வைத்தால் ஒன்றும் விளங்காது. மனைவி ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைப்பாள். மகளும் அங்கிருந்து உரக்கப் பேசுவாள். நான் அடுத்த அறையில், கதவை முக்கால்வாசி சாத்தி, மடியில் ஒரு புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"பின்னால என்னம்மா சத்தம்? மாவு மில்லுலயா இருக்க?"

"உங்க அப்பா மீன் வளக்காகல்லா, அதுக்கு மில்லு ஓடுது."

சிரிப்பாள். அந்தச் சிரிப்பு கதவிடுக்கு வழியாக வரும். விடுதிச் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள், ஆபீஸில் ஏசி எலும்பைத் துளைக்கிறது, அம்மா கொடுத்தனுப்பிய அப்பளத்தை அறைத்தோழி பச்சையாகவே தின்று தீர்த்துவிட்டாள். எனக்கென்று சொல்லாத இவ்வளவும் எனக்குத் தெரிந்தது.

"அவ பேசும்போது மட்டுமாவது அத நிறுத்தித் தொலைங்களேன்," என்பாள் மனைவி.

"நிறுத்துனா மறுபடி கிளம்பாது. மீனு செத்துரும்."

பாதிப் பொய். கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் கிளம்பிவிடும்.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியாத நேரத்தில் மகள் ஒரு பையோடு வந்து நின்றாள். புருஷன் கை நீட்டுகிறான் என்றாள். அம்மாவிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாள், பைய, தலையைக் குனிந்துகொண்டு. அன்றைக்கு இந்த வீட்டில் எந்த மோட்டாரும் ஓடவில்லை. நன்றாகத்தான் கேட்டது. இன்னும் ஒரு மாசம் பொறுத்துப் பாரு தாயி, என்றேன். மூன்றாம் நாள் நானே ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் ரயிலேற்றி, சன்னல் வழியாகத் தண்ணீர்ப் பாட்டில் கொடுத்தேன். அந்த ஒரு மாசத்துக்குள் அவள் மணிக்கட்டு முறிந்தது. கட்டுப்போட்ட கையோடு தனியாகக் கிளம்பிக் கோயம்புத்தூர் போனாள். என் வீட்டுக்கு வரவில்லை.

இந்த வருஷம் ஒரு ஞாயிறு, போனில் அவள் குரல் இறங்கியிருந்தது. என்னவோ சொன்னாள். மோட்டார் விழுங்கிவிட்டது.

"என்னது? கேக்கல."

மறுபடி சொன்னாள். மறுபடி மோட்டார்.

"ஏட்டி, சத்தமாச் சொல்லேன்!"

"விடும்மா. இது சத்தம் போட்டுச் சொல்லுத விஷயம் இல்ல." வைத்துவிட்டாள்.

நிறுத்திவிட்டுப் பேசலாம், மீன் ஒன்றும் சாகாது என்று மனைவியிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. மறுநாள் விடிந்ததும் மோட்டாரைக் கழற்றினேன். ஆள் வைத்துச் செய்ய மனம் ஒப்பவில்லை. அடுத்த தெருவில் மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டுகிறவரிடம் பேரிங்கை இழுத்தெடுக்கும் புல்லரை இரவல் வாங்கினேன். மூடி திரும்பவும் அதே இடத்தில் உட்காரவேண்டும் என்று ஆணியால் ஒரு கீறல் போட்டுக்கொண்டு பிரித்தேன். தண்டின் இரு முனையிலும் இரண்டு பேரிங். துரு, கறுத்துக் கட்டிதட்டிப்போன கிரீஸ். மனைவி தொட்டித் தண்ணீரைச் செம்பால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள், மீன்கள் மூச்சுவிட. நான் பேரிங்குகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரயிலேறி ஜங்ஷனில் இறங்கினேன்.

பேரிங் கடை அண்ணாச்சி ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்து விரலால் சுழற்றினார். முகத்தைச் சுளித்தார்.

"எத்தன நாளா கத்துது?"

"எட்டு மாசம் இருக்கும் அண்ணாச்சி."

"எட்டு மாசமா! காதுக்குள்ள என்ன, சிமெண்டு பூசியிருந்தீராவே?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"சீல் வழியா தண்ணி எறங்கித்தான் இது போயிருக்கு. சீலையும் மாத்தும். தட்டும்போது உள்வளையத்துலதான் தட்டணும், கேட்டீரா? வெளிவளையத்துல ஒரு அடி விழுந்தாலும் வெளங்காது. பைய தட்டும்வே."

பைய தட்டினேன். உள்வளையத்தில் மட்டும் பொருந்துகிற குழாய்த் துண்டு ஒன்றை வைத்து, மூச்சைப் பிடித்து, ஒவ்வொரு தட்டுக்கும் நிறுத்தி, நேராக இறங்குகிறதா என்று பார்த்து. பூட்டி முடித்ததும் தண்டை விரலால் சுண்டினேன். சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் கூடத்தில் தண்ணீர் விழுகிற ஓசை மட்டும். மனைவி நடுக்கூடத்தில் நின்று, "யம்மா, காது இப்பத்தான் தொறந்த மாதிரி இருக்கு," என்றாள்.

ஞாயிறு. நாலு மணி. பழக்கத்தில் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"எங்கம்மா இருக்க, வெளியவா? சத்தத்தையே காணோம்."

"வீட்டுலதான். அப்பா மோட்டாரச் சரி பண்ணிட்டாக."

"ஸ்பீக்கர ஆஃப் பண்ணும்மா."

மனைவி என் கதவைப் பார்த்தாள். பிறகு போனைக் காதில் வைத்தாள். அவள் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் எனக்கு வந்தது. "ம்... ம்... எப்பட்டி?... யாருகிட்டயும் சொல்லலையா?... ம்." சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள்.

போனை வைத்ததும் போய் நின்றேன்.

"என்ன சொன்னா?"

"உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டா." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நானும் சொல்ல மாட்டேன்."

இப்போதெல்லாம் ஞாயிறுகளில் மூன்றே முக்காலுக்கே செருப்பை மாட்டிவிடுகிறேன்.

"எங்க போறிய?"

"சும்மா, ஆத்துப் பக்கம்."

ஐந்து மணிக்குத் திரும்பி, காப்பியை வாங்கும்போது அவள் முகத்தைப் பார்ப்பேன். சில வாரம் கண் சிவந்திருக்கும். போன வாரம் எதையோ நினைத்து அடுப்படியில் தனியே சிரித்துக்கொண்டிருந்தாள். என்னவென்று நான் கேட்கவில்லை. சீனி போதுமா என்றாள். போதும் என்றேன்.