நாற்பத்தைந்தில் சுழல வேண்டிய தட்டு

பழைய இசைத்தட்டு விற்பவனுக்கு முதுகுவலியும் தும்மலும் சம்பளத்தோடு சேர்ந்தே வரும். கடையில் நின்று பிழைக்கும் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

விலைபோகாதவை

எங்கள் கடை சிட்னியின் பரமட்டாவில். சுவீடன் நாட்டுப்புற இசைக்குழு ஒன்றின் தட்டுகள் அங்கே உண்டு. பாடகியும் டிரம்ஸும் சேர்ந்த பிந்தைய ஆல்பங்கள் வந்த கையோடு போய்விடும். வெறும் வயலின்களோடு அவர்கள் செய்த முதல் ஆல்பங்களை யாரும் தொடமாட்டார்கள். எனக்கோ அவற்றின் மேல்தான் உயிர். கடை திறந்ததும் போட்டுவிடுவேன். முதலாளி முரளி மதுரைக்காரர். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் சொன்னார்: "நீ கேட்டுக்கிட்டே இருப்பா, நான் அதை யார் தலையிலயாவது கட்டுறேன்."

தேவன் அண்ணையின் அவசரம்

முதல் ஆல்பத்தைத் தேடி வந்தவர் பக்கத்து நார்த்மீட்டில் இருக்கும் தேவன் அண்ணை. அவரும் மனைவி மாலா அக்காவும் சிட்னிக்கு வருமுன் சுவீடனில் அகதிகளாக இருந்தவர்கள். அங்கே அந்தக் குழு வாசிக்க, இருவரும் ஆடியிருக்கிறார்கள். இப்போது அக்கா படுக்கையில்; வைத்தியர்கள் கைவிரித்துவிட்டார்கள். அந்த ஆட்டப் பாட்டைக் கடைசியாய் ஒருக்கால் கேட்கவேண்டும் என்பதுதான் அக்காவின் ஆசை.

பெரிய தட்டுகள் வழக்கமாக முப்பத்துமூன்று வேகத்தில் சுழலும். இது நாற்பத்தைந்து. படம் போட்ட மட்டை பழுதாகக்கூடாதென்று, வேகத்தை வெளி பிளாஸ்டிக் உறையில்தான் எழுதி ஒட்டுவோம். குழுவின் படம் அக்காவுக்கு வடிவாகத் தெரியட்டும் என்று அண்ணை அந்த உறையைக் காரிலேயே கழற்றி எறிந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் தம்பி, மாலா தனிய இருக்கிறா. போயிட்டு வாறன்."

திரும்பி வந்த தட்டு

அக்காவின் செத்தவீடு முடிந்த கொஞ்சக் காலத்தில் அண்ணை தட்டோடு வந்தார். வீட்டில் அதைப் பார்க்க முடியவில்லையாம். "இது அந்தப் பாட்டு இல்லை, அழுகிறமாதிரிக் கிடக்கு எண்டு சொன்னவ. வருத்தத்திலை மறந்துபோனா, பாவம்."

திரும்பி வரும் எதையும் போட்டுப் பார்த்துத்தான் எடுப்போம். வழக்கம்போல் நாற்பத்தைந்தில் போட்டேன். வயலின்கள் துள்ளிக்கொண்டு கிளம்பின. அண்ணையின் முகம் மாறிவிட்டது. வீட்டில் இப்படிக் கேட்கவில்லையே என்றார். வேகத்தைச் சொன்னேன்; முப்பத்துமூன்றில் போட்டால் இழுபட்டு அழுகிறமாதிரித்தான் கேட்கும் என்றேன். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று இன்றுவரை மனது அடித்துக்கொள்கிறது. அவர் கதிரையில் அமர்ந்து பாட்டை முடியும்வரை கேட்டார். பிறகு சொன்னார்: "அவ சரியாத்தான் சொன்னவ தம்பி. நான்தான், உனக்கு மறந்துபோச்சு மாலா எண்டு கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தனான்."

கீறல் விழுந்த தட்டென்றால் முகம் கோணாமல் மாற்றித் தந்திருப்போம். இதில் ஒரு கீறலும் இல்லை.