பேதுருவின் நேர்முக வர்ணனை

பாரிஸ் லாச்சப்பலில் என் கடைக்குத் தேநீர் குடிக்க வருகிற எல்லோருக்கும் பேதுரு அண்ணையைத் தெரியும். யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடற்கரையில் வெறுங்காலோடு பந்தடித்து வளர்ந்தவர். பாரிஸில் நம்மவர்களுக்கென்று ஒரு கழகமும் இல்லாத காலத்தில், ரெஸ்ரோறண்ட் குசினிகளில் கோப்பை கழுவிய ஆட்களைத் திரட்டி, லா கூர்னெவ் பூங்காவில் முதல் உதைபந்தாட்ட அணியை இறக்கியவர் அவர்தான். நானும் அந்த அணியில் ஒரு மூலையில் நின்றேன், பந்து என் பக்கம் வந்துவிடக்கூடாதென்று வேண்டிக்கொண்டு.

பிறகு அவருக்கு முழங்கால் போனது. வெட்டித் தைத்தும் சரிவரவில்லை. பந்தை விட்டால் வேறொன்றும் தெரியாத மனிதர் பேனாவைப் பிடித்தார். கடைகளில் இலவசமாக அடுக்கி வைக்கிற வாரப் பத்திரிகையொன்றில் விளையாட்டுப் பக்கம் அவருடையது. அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கிற வேலை முடிந்து வந்து எழுதுவார். யாருக்கும் பயப்படமாட்டார். ஒரு கழகம் நடுவரைக் காசு கொடுத்து வாங்கிவிட்டது என்று ஒருமுறை பெயரோடு எழுதி, அந்தக் கழகத்துக்காரரிடம் என் கடை வாசலில் வைத்தே அடி வாங்கினார். அடுத்த வாரமும் அதையே எழுதினார்.

ஆனால் சனம் அவரைக் கொண்டாடியது எழுத்துக்காக அல்ல, மைக்குக்காக. நம்முடைய சுற்றுப்போட்டிகளில் பந்தைவிட வர்ணனைதான் பெரிது. விழுந்தவனை நக்கலடிக்கத் தெரியாத வர்ணனையாளரை மறுதரம் கூப்பிடமாட்டார்கள். விளையாடுகிறவர்களும் கோபிப்பதில்லை. பேதுருவின் வாயில் அகப்பட்டால்தான் ஒருவன் ஆட்டக்காரன் என்று அவர்களுக்கு நினைப்பு.

போன கோடையில் யாரோ ஒருவரின் ஞாபகார்த்தக் கிண்ணத்துக்கான ஆட்டம். வில்லியே லே பெல் புறநகரில் இருந்து வந்து விளையாடிய கஜன், நாற்பதை நெருங்கியும் பந்தை விடாதவர், யாரும் தொடாமலே குப்புற விழுந்தார்.

"கஜன் தம்பி புல்லு எப்பிடி இருக்கெண்டு ருசி பாக்கிறார்!" என்று ஒலிபெருக்கியில் பேதுருவின் குரல் வந்தது. "ராத்திரிக் குசினியிலை நித்திரை இல்லைப் போல. படுக்கட்டும், ஒருத்தரும் எழுப்பாதேங்கோ!"

மைதானமே வயிறு குலுங்கச் சிரித்தது. ஆட்டம் மறுபக்கம் போய், ஒரு கோலும் விழுந்து, அந்த ஆரவாரமும் அடங்கிய பிறகுதான் யாரோ அவரைப் புரட்டிப் பார்த்தார்கள். அவசர உதவிக்கு வந்த பொம்பியேக்காரர்கள் நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார்கள்.

செத்தவீடு முடிந்ததும் போட்டியை நடத்திய கழகத்தின் தலைவர் ஞானசுந்தரம் கடைக்கு வந்து பேதுருவுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"அண்ணை, உடனை எல்லாரும் ஓடிவந்து பாத்தவை எண்டு எழுதிவிடுங்கோ. நகரசபைக்குத் தெரிஞ்சால் இனி கிரவுண்ட் தரமாட்டாங்கள். உங்கடை பேரும் தப்பும்."

அடிக்குப் பணியாத மனிதர் இதற்குப் பணிந்தார். 'கஜன் விழுந்த மறுகணமே சக வீரர்கள் ஓடோடிச் சென்று தாங்கிக்கொண்டனர்' என்று அவர் பெயரிலேயே அச்சில் வந்தது. நேரே கேட்டுவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் தேநீரை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாள் கஜனின் மனைவி யசோதா பேதுருவைத் தேடிக் கடைக்கு வந்தார். அவரைக் கண்டதும் பேதுரு எழுந்து நின்றார்.

"இருங்கோ அண்ணை. உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தனான். அவர் தனியக் கிடந்து போகேல்லை எண்டு உங்கடை பேப்பரிலை பாத்த பிறகுதான் எனக்குக் கொஞ்சமெண்டாலும் கண் மூடுது."

பக்கத்தில் நின்ற நான் பேதுருவின் காலை மிதித்தேன். பேசாமல் இரு மனிசா, இதையாவது அந்தப் பெண் வைத்துக்கொள்ளட்டும் என்று அர்த்தம். அவருக்கு அது விளங்கியது. ஆனாலும் கேட்கவில்லை.

"அது பொய், தங்கச்சி. ஒருத்தரும் ஓடேல்லை. நான்தான் மைக்கிலை பகிடி விட்டனான். அவர் நடிக்கிறார் எண்டு நினைச்சுச் சனம் சிரிச்சுக்கொண்டு நிண்டிட்டுது."

யசோதா கத்துவார், கன்னத்தில் அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் எங்கள் எல்லோருக்கும் நன்றாயிருந்திருக்கும். அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"எல்லாரும் சிரிச்சவையோ?"

"ஓம்."

"அவருக்கு அது கேட்டிருக்குமோ, அண்ணை?"

இல்லை என்று ஒரு சொல் போதும். சொல்லித் தொலையும் என்று என் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. பேதுரு அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"விழுந்த பிறகும் அவற்ரை கை அசைஞ்சது, தங்கச்சி. நான் கண்டனான். அதாலைதான் நடிப்பெண்டு நினைச்சன். கேட்டிருக்கும்."