ஒரே ஒரு கண்ணாடி ஓடு

மொட்டைமாடி வீட்டில் இருந்துகொண்டு நேற்றுப் பழைய சாமான் கடையில் கூரைக்குப் போடும் கண்ணாடி ஓடு ஒன்றை வாங்கிவந்தேன். என் மூளை அவ்வளவுதான்.

பிரெஞ்சுக்காரன் காலத்து வில்லியனூரில், முன்பாதி அப்பாவின் தையல்கடையும் பின்பாதி குடித்தனமுமாக இருந்த எங்கள் வீட்டுக் கூரையில் இப்படி ஒன்றுதான் இருந்தது. காலையில் அதன் வெளிச்சம் கடையையும் வீட்டையும் பிரித்த இடுப்புயரத் தட்டியைத் தாண்டி அம்மாவின் முறத்தில் விழுந்து, அரிசியில் கல் பொறுக்கி முடிந்ததும் மெல்ல நகர்ந்து அப்பாவின் தையல் மிஷினுக்குப் போய்விடும்.

துணி தைக்க வருகிறவர்கள் கண்ணில் அடுப்படி படக்கூடாதென்று அப்பா தட்டியைக் கூரைவரை உயர்த்தினார். ஓடு கடைப்பக்கம் நின்றுவிட்டது, அடுப்படி இருண்டது.

மறுநாள் மதியம் அப்பா நறுக்கென்று எதையோ கடித்துவிட்டு அடுத்த கவளத்தைப் பிசைந்தார். நான்தான் சும்மா இராமல், "சோத்துல கல்லு கீதும்மா" என்றேன்.

"வெளிச்சம் கடையில கீது, அங்க போய் துன்னு."