கம்பி நான்கு விரல் வெளியே நின்றது

தப்பு என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் யாராவது "பாவம் பொம்பளை, தெரியாம நடந்துருச்சு" என்று பரிந்துகொண்டு வரக்கூடாது. எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் தவறினேன்.

அப்பா போன பிறகு, பயிர்ப் பாதுகாப்புக்காக அவர் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியின் லைசென்ஸ் என் பெயருக்கு மாறியது. கரட்டுக் குன்றின் அடியில் இருக்கும் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காடும் என்னுடையதுதான். தோட்டாவைச் செருகிச் சுடுகிற சாமான் அல்ல அது. குழாயின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை வைத்துக் கம்பியால் அழுத்தி அடைக்க வேண்டும். குண்டு போடுவதானால் அதன்மேல் போட்டு, மறுபடியும் நார். பின்பக்கம், குதிரை என்கிற சுத்தி விழுகிற இடத்தில் சின்னதாக ஒரு கேப்பு. குதிரை அதன்மேல் தட்டினால் வெடிக்கும். நான் மருந்தும் நாரும் மட்டும் வைத்துச் சத்தம் கிளப்பிப் பன்றிகளை விரட்டுவேன். பன்றியைச் சுட எனக்கு அனுமதி கிடையாது.

இந்த வேலையில் ஆளைக் கொல்வது மறதி. உள்ளே மருந்து இருப்பதை மறந்து மேலே இன்னொரு மருந்தைப் போட்டால் குழாய் பிளந்துவிடும். பிடித்த கையும் போகும், கண்ணும் போகும். அதனால் என் கம்பியில் அரத்தால் ஒரு கோடு ராவி வைத்திருக்கிறேன். காலிக் குழாயில் கம்பியை அடிவரை இறக்கினால் கோடு சரியாக வாய்க்கு நேராக நிற்கும். உள்ளே ஏதாவது இருந்தால் மேலே நிற்கும். மருந்து போடுமுன் கம்பி, வீட்டுக்குள் எடுத்து வருமுன் கம்பி, இன்னொருவர் கையில் கொடுக்குமுன் கம்பி. இதையே சொல்லிச் சொல்லி, துப்பாக்கி வைத்திருக்கிற பக்கத்துக் காட்டு ஆம்பளைகளிடம் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன். "கம்பிக்காரி வாரா, எடுத்து உள்ள வையுங்கடா" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கை போனவனுக்கு எவன் சோறு ஊட்டப் போகிறான்?

தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். அந்த முறை ஒப்படைக்கிற கடைசி நாளன்று காலையில் காட்டுக்குப் போனால், முப்பது பாத்திக் கிழங்கைப் பன்றிகள் தோண்டிப் போட்டிருந்தன. வீட்டுக்கு வந்தேன். எந்த நாளும் வீட்டில் வைத்து மருந்து போடாதவள், அன்று வாசலிலேயே போட்டேன். அப்பாவின் டப்பாவிலிருந்து கனமான ஈயக்குண்டு ஒன்றையும் எடுத்துத் தள்ளினேன். எனக்கு அனுமதி இல்லையென்று தெரியும். கோபத்துக்கு அது தெரியவில்லை. கேப்பையும் செருகி, குதிரையை மெல்ல இறக்கி, ஈரம் படாமலிருக்க அதன்மேல் தோல் துண்டைச் சுற்றிக் கட்டினேன்.

அதற்குள் கிழங்கு ஏற்ற லாரி வந்துவிட்டது. ஆள், மூட்டை, எடை என்று மத்தியானம் மூன்று மணி ஆனது. அப்போதுதான் ஸ்டேஷனிலிருந்து போன். எழுத்து வேலை பார்க்கிற ஏட்டு, எல்லாரும் ரைட்டர் என்று கூப்பிடுவார்கள், அவர்தான் பேசினார்.

"அஞ்சு மணிக்குள்ள கொண்டாந்துருங்கம்மா. உங்களுது ஒன்னுதான் பாக்கி."

காலையில் மருந்து போட்டதே நினைவில் இல்லை; கம்பியும் விடவில்லை. வீட்டுக்காரருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து, துப்பாக்கியை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போனேன். குழாயின் வாய் வழியெல்லாம் என் காதோரமாகவே வந்தது.

ரைட்டர் நோட்டில் எழுதிக்கொண்டே, "காலிதானுங்களே?" என்றார்.

"எங்கிட்டயே கேக்கறீங்களா?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, 'காலி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தோல் துண்டின் மேலேயே சீட்டைக் கட்டி உள்ளே அனுப்பினார். அவர் கம்பி விட்டுப் பார்க்காததற்குக் காரணம் கம்பிக்காரி என்ற என் பெயர்தான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஓட்டு எண்ணி முடிந்தும் உடனே போகவில்லை; அடுத்த கிழங்கு முற்றத் தொடங்கியபோதுதான் போய்த் துப்பாக்கியை வாங்கி வந்தேன். வீட்டுக்குள் கொண்டுபோகுமுன் வழக்கம்போல வாசலில் நின்று கம்பியை இறக்கினேன். கோடு இறங்கவில்லை. நான்கு விரல் வெளியே நின்றது. குப்பை ஏதாவது போயிருக்கும் என்று மறுபடி இறக்கினேன். அதே நான்கு விரல். தோல் துண்டை அவிழ்த்தேன். கேப்பு இருந்தது. அதன்மேல் குதிரை படுத்திருந்தது. ஒரு தட்டு போதும்.

வாயை மண்மேட்டுப் பக்கம் திருப்பிப் பிடித்து, குதிரையை விரலால் தூக்கி, கேப்பை எடுத்துத் தண்ணீரில் போட்டேன். வீட்டுக்காரர் ஓடிவந்தார்.

"அதுக்கு ஏன் இவ்வளவு பாடு? கரட்டப் பாத்து ஒன்னு உட்டா காலி ஆயிருது."

"மாசக்கணக்கா ஈரம் குடிச்ச மருந்துங்க. குழாயி துருப் புடிச்சிருக்குதோ என்னமோ. உட மாட்டேன். தள்ளி நில்லுங்க."

குழாயில் தண்ணீரை ஊற்றி ஊறவிட்டேன். அன்று முழுவதும் வேறு வேலை பார்க்கவில்லை. மாலையில், திருகு முனை வைத்த கம்பியால் நாரைக் கொத்திக் கொத்தி இழுத்தேன். ஈயக்குண்டு உருண்டு வந்து மண்ணில் விழுந்தது. பின்னாலேயே மருந்து கருஞ்சேறாக வந்தது.

"நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லோணும்" என்றேன்.

வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சும்மா கெடக்கற சங்க ஊதிக் கெடுக்காத புள்ள. லைசென்ஸப் புதுப்பிக்கற நேரம். குண்டு வேற போட்டிருக்கற. புடுங்கிட்டாங்கன்னா காட்டப் பன்னிக்கு எழுதிக் குடுத்துட்டு உக்கார வேண்டியதுதான்."

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் என் வார்த்தையை நம்பிக் காலி என்று எழுதியவர், நாளைக்கு இன்னொருத்தன் வார்த்தையையும் நம்பித்தானே எழுதுவார்? எல்லாருக்கும் கம்பிப் பாடம் நடத்துகிறவள் இதை மட்டும் விழுங்கிவிட்டு, எந்த மூஞ்சியோடு மறுபடி வாயைத் திறப்பது? காலையில் நானே பஸ் ஏறினேன். துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி, கம்பியும் லைசென்ஸும் எடுத்து, ஈயக்குண்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.

எஸ்.ஐ.யின் மேஜைமேல் குண்டை வைத்துவிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். ரைட்டர் முகம் வெளுத்துப் போனது. "ஏம்மா, யானைக்கும் அடி சறுக்கும். அதுக்குன்னு இங்க வந்து..." என்று இழுத்தார்.

"யானை சறுக்குனா யானைக்கு அடி. இது வெடிச்சிருந்தா உங்களுக்குங்க" என்றேன்.

எஸ்.ஐ. இருவரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். குண்டு எதற்கு என்று கேட்டார். பன்றியைச் சுடத்தான் என்று சொன்னேன். என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார். விசாரணை முடிகிறவரை துப்பாக்கியும் லைசென்ஸும் இங்கேயே இருக்கட்டும் என்றார். அந்த வருடம் பாதிக் கிழங்கு பன்றிக்குத்தான் போனது. சொல்லிவிட்டோமே என்று ஒரு நாளும் நான் வருந்தவில்லை.

உள்ளே இன்னும் யாரும் வாங்கிப் போகாத துப்பாக்கிகள் ஆறு இருந்தன. அவற்றையும் பார்த்துவிடச் சொன்னார் எஸ்.ஐ. ஒரு பெண் போலீஸ் என்னை அந்த அறைக்குக் கூட்டிப்போனார். இருபத்தைந்து வயது இருக்கும். ஆறிலும் கம்பியை இறக்கி, இறங்கிய அளவைக் குழாயின் வெளிப்புறத்தோடு வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆறும் காலி. துப்பாக்கிகள் சாத்தியிருந்த சுவரோரம் ஒரு பாய் சுருட்டி வைத்திருந்தது. அதன்மேல் ஒரு தலையணை.

"உங்களுது எந்த எடத்துலக்கா இருந்துச்சு?" என்று கேட்டார் அந்தப் பெண்.

முந்தின நாள் எடுத்துக் கொடுத்தபோது பார்த்திருந்தேன். கடைசியில், ஆணியில் கிடைமட்டமாக மாட்டியிருந்த இடத்தைக் காட்டினேன். வாய் இருந்த பக்கத்தையும் காட்டினேன்.

அவர் அந்த இடத்தையே பார்த்தார். பிறகு பாயைப் பார்த்தார்.

"இங்க எங்களுக்குன்னு தனி ரூம் இல்லீங்கக்கா. ஏழு மாசம் எனக்கு அப்ப. மத்தியானம் சாப்புட்டுட்டு அந்த ஆணிக்குக் கீழதான் சாஞ்சு உக்காருவேன். ஒரு நா எந்திரிக்கறப்போ புடிமானத்துக்கு அந்தத் துப்பாக்கியைத்தான் புடிச்சேன்."

"கொழந்த?" என்று மட்டும் கேட்டேன்.

"பொண்ணு. அம்மாகிட்ட இருக்குது. நேத்துத்தான் மறுபடி டியூட்டிக்கு வந்தேன்." அவர் பாயைத் தூக்கி எதிர்ச் சுவரோரம் கொண்டுபோய் வைத்தார். திரும்பி என் கையிலிருந்த கம்பியை வாங்கிக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"அடுத்த தடவ நானே இத உட்டுப் பாக்கறேன். எவ்வளவு பெரியவங்க வந்தாலும் சரி. நீங்களே வந்தாலும் சரி."

"நான் வந்தா மொதல்ல உட்டுப் பாரு, சாமி" என்றேன்.