அம்மா யார் வீட்டுக்குப் போவாள்

எங்கள் வில்லாபுரம் வீட்டுச் சுவர்களில் பன்னிரண்டு படங்கள் தொங்கின. அவற்றில் ஒன்றுகூட அப்பா வரைந்ததில்லை. அப்பா படம் வரைவார் என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இதுல எது சார் நீங்க வரைஞ்சது?" என்று கேட்பார்கள். அப்பா பெருமையோடு, "எதுவும் இல்லை" என்பார். அதற்கு மேல் என்ன பேசுவது என்று கேட்டவர்களுக்குத் தெரியாது. காபியோடு வரும் அம்மாதான், "வரைவாரு, வரைவாரு. நான் சாட்சி" என்று சொல்லி அவர்களைக் காப்பாற்றுவாள்.

அப்பாவின் கூட்டாளிகள் மூன்று பேர். ஒருவர் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை செய்த மாமா. வீட்டில் சௌராஷ்டிரமும் கடையில் மதுரைத் தமிழும் பேசுவார். இன்னொருவர் ஆட்டோ ஓட்டும் மாமா. வரைவதற்குப் பால்பாயிண்ட் பேனாவைத் தவிர வேறு எதையும் கையால் தொடமாட்டார். மூன்றாமவர் ஒரு கணக்கு டீச்சர். கட்டடங்களை மட்டும், அதையும் ஸ்கேல் வைத்து வரைவார். நால்வரில் யாருக்கும் ஓவியம் சோறு போட்டதில்லை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஆட்டோவில் ஏறி, பரவை மார்க்கெட்டுக்கோ திருவாதவூர்க் கண்மாய்க் கரைக்கோ போய் மதியம் வரை வரைவார்கள். நான் அப்பாவின் மடியிலோ டீச்சரின் மடியிலோ உட்கார்ந்து போவேன்.

அவர்களுக்குள் ஒரு விதி இருந்தது. அந்த மாதம் வீட்டில் வரைந்ததில் சிறந்த படம் ஒன்றை ஆளுக்கொன்றாகக் கொண்டுவர வேண்டும். எல்லாப் படங்களும் ஒரே அளவில், செய்தித்தாளில் சுற்றப்பட்டிருக்கும். அவற்றைக் கலைத்துக் குவித்ததும் சீட்டு எடுப்பதுபோல ஆளுக்கொன்று எடுப்பார்கள். தன் படமே தனக்கு வந்தால் திருப்பி வைத்துவிட்டு வேறு எடுக்க வேண்டும். எடுத்ததைத் தன் வீட்டு ஹாலில் மாட்ட வேண்டும், திருப்பிக் கேட்கக் கூடாது. விதியைப் போட்டவர் டீச்சர். "நம்ம படம் நம்ம வீட்டுல இருந்தா அதையே பாத்து மெச்சிக்கிட்டு உக்காந்துருவோம். அடுத்தது வராது" என்பார். படம் கொண்டுவராத ஒரே ஆள் நான் என்பதால் கலைக்கிற வேலை எனக்கு.

அப்பா ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். கடையில் விற்கும் வண்ணங்கள் அவருக்கு ஒத்துவரவில்லை. சங்குப்பூவை ஊறவைத்து நீலம் எடுப்பார். அதில் எலுமிச்சம்பழம் பிழிந்து ஊதா ஆக்குவார். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து சிவப்பு செய்வார். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைப்பார். 'மஞ்சள், சுண்ணாம்பு: நல்ல சிவப்பு. ஒன்பது நாளில் பழுப்பு.' ஒரு தடவை வெறும் மஞ்சளால் அவர் வரைந்த, விளைந்த வயல் ஒன்று ஜவுளிக்கடை மாமாவுக்குப் போனது. வெயில் படும் சுவரில் மாட்டியதால் மூன்றே மாதத்தில் வயல் வெளுத்துவிட்டது. "அண்ணே, அறுவடை முடிஞ்சிருச்சுண்ணே" என்று அப்பா அவருக்கு ஆறுதல் சொன்னார்.

இந்தச் சோதனைகளெல்லாம் அம்மாவின் பாத்திரங்களில் நடந்தன. "ரசம் வைக்கிற சட்டியில என்னத்தங்க போட்டுக் காச்சினீங்க? பிள்ளைக்கு வயித்துக்கு ஆகுமா ஆகாதா, அதையாவது சொல்லுங்க" என்று கேட்பாள். அப்பா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆகும்" என்பார். இன்று நான் என் மகளுக்குக் கொடுக்கும் பிஸ்கட் உறையின் பின்பக்கத்தை இரண்டு முறை படிக்கிறவள். அம்மா எப்படி அந்த ஒரு வார்த்தையை நம்பினாள் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது அப்பா அம்மாவை வரைந்தார். பின்வாசல் படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவுகிற அம்மா. கூடத்து ஜன்னல் வழியாக, அம்மாவுக்குத் தெரியாமல் வரைவதாக என்னிடம் ரகசியமாகச் சொன்னார். நானும் வாயைத் திறக்கவில்லை. அம்மா தொடர்ந்து நான்கு நாட்கள், சாயங்காலம் அதே நேரத்தில் அதே படியில் உட்கார்ந்து கீரை உருவினாள். வெளியே போகும்போது மட்டும் கட்டும் அரக்குச் சுங்குடிச் சேலையைக் கட்டியிருந்தாள். அந்த வாரம் முழுக்க எங்களுக்கு முருங்கைக்கீரைப் பொரியல், முருங்கைக்கீரை சாம்பார், முருங்கைக்கீரை அடை. மூவரில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அப்பாவுக்குச் சிக்கல் நிறத்தில் வந்தது. அம்மாவின் கையை எந்தப் பழுப்பில் வரைந்தாலும் அது வேறு யாருடைய கையாகவோ இருந்தது. செங்கல்தூள் போட்டுப் பார்த்தார். மாதுளைத் தோல் போட்டுப் பார்த்தார். கடைசியில் காலைக் காபிக்கு இறக்கிய டிகாஷனைச் சுண்டக் காய்ச்சி, அதில் செங்கல்தூளைக் குழைத்ததும் கிடைத்துவிட்டது. அன்று வீட்டில் யாருக்கும் காபி இல்லை.

படம் முடிந்த மறுநாள், அம்மா பக்கத்து வீட்டு அக்காவோடு சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தாள். நான் துணிக்கொடிக்குக் கீழே இருந்தேன்.

"என்னைய வரைஞ்சு வச்சிருக்காருக்கா. என் கலரு டிகாஷன்லதான் கிடைச்சுச்சாம்."

"அடியாத்தி! அப்ப ஹால்ல மாட்டுவீங்களா?"

"எங்க மாட்ட? ஞாயித்துக்கிழமை சீட்டுல போயிரும். யாரு வீட்டுக்குப் போகப் போறேனோ, யாரு செவுத்துல தொங்கப் போறேனோ."

"உனக்குக் கூச்சமா இல்ல?"

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் லேசாகக் குலுங்கின.

அம்மா அழுகிறாள் என்று முடிவுசெய்தேன். இன்று என் மகள் முகம் கொஞ்சம் வாடினாலே பத்துக் கேள்வி கேட்டு அவளைச் சலிக்கவைக்கிறேன். அன்று அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அம்மாவை வேறு வீட்டுக்கு அனுப்பக் கூடாது, எப்படியாவது மீட்டுக்கொண்டுவர வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

அப்பா எடுத்தால் விதிப்படி திருப்பி வைத்துவிடுவார். ஆகவே நான்தான் எடுக்க வேண்டும். எடுக்க வேண்டுமானால் நானும் ஒரு படம் வைக்க வேண்டும். சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஆட்டோ மாமாவின் ஆட்டோவை கிரேயானால் வரைந்தேன். அப்பா தன் படத்தைச் செய்தித்தாளில் சுற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போனபோது, அவருடைய மஞ்சள் கிண்ணத்தில் விரலைத் தோய்த்துப் பொட்டலத்தின் ஒரு மூலையில் தடவினேன்.

ஞாயிறு காலை அம்மா புளிச்சோறும் தேங்காய்த் துவையலும் கட்டிக் கொடுத்தாள். ஆட்டோ வந்து நின்றதும் வாசலுக்கு வந்து, "டீச்சர் வர்றாங்கள்ல?" என்று கேட்டாள். உள்ளேயிருந்து டீச்சர் கையை ஆட்டினார். "வாரேன், வாரேன்" என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். பாவம், வெளியே காட்டிக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

திருவாதவூர்க் கண்மாயில் தண்ணீர் பாதிதான் இருந்தது. மதியம் சாப்பிட்டு முடித்துப் புளியமரத்தடியில் பொட்டலங்களை எடுத்தார்கள். நான் என்னுடையதையும் நீட்டினேன்.

"அட, புது ஆளு!" என்றார் ஜவுளிக்கடை மாமா.

"அப்ப யாரு கலைக்கிறது?" என்று டீச்சர் கேட்டார்.

அப்பா, "அவளே கலைக்கட்டும் டீச்சர். சின்னப்பிள்ளை, அதுக்குக் கள்ளத்தனம் தெரியாது" என்றார்.

கலைத்தேன். ஆட்டோ மாமா குனிந்து குவியலைப் பார்த்தார். "மாப்ள, இது என்ன, கல்யாணப் பத்திரிகை மாதிரி மூலையில மஞ்சள் தடவியிருக்கு? யாருக்குக் கல்யாணம்?"

நான் விரலைப் பாவாடையில் துடைத்தேன். அப்பா பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு என் விரலைப் பார்த்தார். தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணில் மஞ்சள் போகவில்லை.

"எங்க வீட்டுல எதுல மாப்ள மஞ்சள் ஒட்டல?" என்றார். "புது ஆளு முதல்ல எடுக்கட்டும்."

எடுத்தேன். பிறகு மற்றவர்கள் எடுத்தார்கள். எல்லோரும் ஒன்றாகப் பிரித்தார்கள்.

என் கையில் இருந்த படத்தைப் பார்த்ததும் மற்ற மூவரும் தங்கள் படத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் வந்துவிட்டார்கள். ஆட்டோ மாமா, "தங்கச்சி அப்படியே உக்காந்திருக்கு மாப்ள. கூப்பிட்டா என்னண்ணேன்னு கேக்கும்" என்றார். ஜவுளிக்கடை மாமா சேலை மடிப்பை விரலால் தொடாமல் தொட்டார். "நானும் தினம் நூறு சேலை விரிச்சுக் காட்டுறேன். துணி இம்புட்டு அழகா விழுந்து பாத்ததில்ல" என்றார். டீச்சர் வெகுநேரம் பார்த்தார். "கொடுத்து வச்சவ நீ" என்று என் கன்னத்தில் தட்டினார். அவர் தட்டியது கொஞ்சம் வலித்தது.

என் ஆட்டோ அவருக்குத்தான் போயிருந்தது.

"ஏய், ஆட்டோவுக்கு எதுக்குடி நாலு சக்கரம்?"

"ஒண்ணு ஸ்டெப்னி டீச்சர்."

"அதை எவளாவது வெளியில மாட்டுவாளா?"

"பஞ்சரானா சட்டுன்னு எடுக்கலாம்ல?"

ஆட்டோ மாமா, "கணக்கு சரியாத்தான் இருக்கு டீச்சர்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். திரும்பும் வழியில் அவர் என்னை மடியில் உட்காரவைத்துக்கொண்டார். மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

வீட்டுக்குள் ஓடிப்போய் அம்மாவிடம் படத்தை நீட்டினேன். அம்மா ஈரக்கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள்.

"இது எப்படிடி இங்க வந்துச்சு?"

"நானும் படம் வச்சேன்மா. சீட்டுல எனக்கு விழுந்துச்சு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார்.

"விதிப்படி ஹால்ல மாட்டணும்" என்றேன்.

"நம்ம வீட்டு ஹால்லயா? போடி. நானே இங்கதான சுத்திக்கிட்டுக் கிடக்கேன், எனக்குப் பக்கத்துல நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் படத்தைப் பழைய பட்டுச்சேலைக்குள் வைத்து பீரோவில் அடுக்கினாள். பிறகு என்னை இழுத்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரு பெரிய காரியத்தைச் செய்து முடித்த நிறைவோடு மீதிப் புளிச்சோற்றைச் சாப்பிட்டேன்.

தைப்பொங்கலுக்கு மறுநாள் டீச்சர் வீட்டுக்குப் போனோம். அம்மா அந்த வீட்டுக்குப் புதியவள் இல்லை. டீச்சருக்கு ரவிக்கை தைக்க அளவு வாங்கவும் தைத்ததைக் கொடுக்கவும் அடிக்கடி போய்வருவாள். ஹாலில் பெரிய ஜன்னல். அதற்கு எதிர்ச்சுவரில், வெளிச்சம் நேராக விழும் இடத்தில், கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் என் ஆட்டோ தொங்கியது. வாசலுக்குள் நுழையும் யாரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

அம்மா அதன் முன்னால் போய் நின்றாள்.

டீச்சர் காபி டம்ளரோடு பக்கத்தில் வந்தார். "நீங்க அன்னைக்குக் காட்டின இடம்தான். உங்க படம் வந்தா மாட்டலாம்னு ஆணிகூட முதல்லயே அடிச்சு வச்சிருந்தேன். சீட்டு இப்படி விழுந்துருச்சு, என்ன செய்ய?"

"பரவாயில்ல டீச்சர்" என்றாள் அம்மா.

அவள் நகரவில்லை. ஒரு தடவை திரும்பி ஜன்னலைப் பார்த்தாள், பிறகு மறுபடியும் சுவரைப் பார்த்தாள். என் படத்தை இத்தனை நேரம் யாரும் பார்த்ததில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"நல்ல வெளிச்சம்" என்று அம்மா என் தலையைத் தடவினாள்.

படம் அவளுக்குச் சரியாகப் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, எது ஸ்டெப்னி என்று விரல் வைத்துக் காட்டத் தொடங்கினேன்.