மணிக்கட்டில் மாறிய வாசனை

திருப்பதியிலிருந்து நகரிக்குச் செல்லும் பேருந்தில் என் பக்கத்தில் அமர்ந்தவருக்கு முப்பது வயதிருக்கும். குவைத்துக்கு விமானம் ஏறுமுன் மலையில் முடி கொடுத்துவிட்டுத் திரும்புகிறார். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்திருந்தது. அண்ணன் குவைத்திலிருந்து அனுப்பிய சென்ட் பாட்டிலைத் திறந்து மணிக்கட்டில் தடவினார். மிளகும் கிராம்பும் முந்திவர, பின்னால் தோல் வாடை எழுந்தது.

"இன்னாப்பா, மலையிலேர்ந்து வர்றியா, செருப்புக் கடையிலேர்ந்து வர்றியா?" என்றாள் முன்னிருக்கைப் பெண்மணி.

"கொஞ்சம் பொறுத்துக்க அக்கா. உடம்புச் சூட்டுக்கு மாறிக்கினே போவும்" என்று சிரித்தவர், ஓயாமல் மணிக்கட்டை முகர்ந்தபடி வந்தார்.

குவைத்தில் இறந்துபோன என் மகன் பூசியதும் இதுதான். அவன் விட்டுச்சென்ற அரைப் பாட்டிலை நான் திறந்ததே இல்லை. தாங்கமுடியாத ஒரு நாளில் திறந்தால் அவன் வாசனையாவது கிடைக்கும் என்றிருந்தேன். இதைச் சொன்னதும் அவர் என் கையிலும் சிறிது தடவினார்.

புத்தூரை அடைந்தபோது அவர் கையில் அது வெதுவெதுப்பாகி, ஏறத்தாழ என் மகனின் வாசனையாகவே ஆகியிருந்தது. என் கையில் பதப்படுத்திய தோலின் வாடை மட்டும் நின்றது.

அவர் குனிந்து என் கையை முகர்ந்தார். "ஆளுக்கு ஒரு மாதிரி வரும், நைனா" என்றார் மெல்ல.

வீட்டு அலமாரியில் இருப்பது வெறும் சென்ட் என்று அப்போது தெரிந்தது.

பிறகு நகரி வரும்வரை அவர் தம் மணிக்கட்டை முகரவே இல்லை. என் பக்கமாகத் திருப்பி முன்கம்பியின்மேல் வைத்திருந்தார். அவர் குவைத்திலிருந்து திரும்பினாரா என்பது எனக்குத் தெரியாது.