மேக லீவில் ஆமத்தூர்

எங்கள் பக்கத்தில் மேகம் கூடினால் வேலை கிடையாது. இடி மின்னல் வருகிற மாதிரி இருந்தால் வெடி மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. போர்மேன் அண்ணாந்து வானத்தைப் பார்ப்பார். "கெளம்புங்க, கெளம்புங்க" என்பார். காலையில் பட்டாசுக் கம்பெனிக்கு ஏற்றிவந்த வேனே திருப்பிக் கொண்டுபோய் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுவிடும். மற்ற ஊர்களில் வெயில் அடித்தால் ஊர் சுற்றக் கிளம்புவார்களாம். எங்களுக்கு அப்படி ஒரு நாள் உண்டென்றால் அது மூடாக்குப் போட்ட நாள்தான்.

நான் சுற்றியதில்லை. எட்டாவதோடு படிப்பை விட்டேன். அன்றையிலிருந்து வீடு, வேன், கம்பெனி. லீவு விட்டால் நேரே வீட்டுக்கு ஓடி, அடுப்பை அணைத்தேனா என்று பார்ப்பேன். அணைத்துத்தான் இருக்கும். பயம் என்னோடு கூடப் பிறந்தது. வேலை அதற்குத் தீனி போட்டது. எங்கள் ஷெட்டில் நான்கு பக்கமும் வாசல். ஆளுக்கொரு வாசலை ஒட்டி உட்கார வேண்டும். சத்தம் கேட்டால் அவரவர் வாசல் வழியாக ஓட வேண்டும், அடுத்தவளைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. அது உடம்பில் ஊறிப்போய், கல்யாண வீடானாலும் பஸ்ஸானாலும் வாசலோரத்தைத் தவிர வேறெங்கும் எனக்கு உட்கார வராது.

என் எதிர் வாசல் அக்காவுடையது. கூடப் பிறந்தவள் இல்லை, சர்ச்சுக்குப் போகிற வேதக்கார அக்கா. பத்து வருஷத்துக்கும் மேலாக எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தோம். அவள் மகள் திருப்பூரில் நர்ஸ். மகளுக்குப் பேறுகாலம் நெருங்கியதால் தை கடைசியில் அக்கா அங்கேயே போய்விடுவதாக இருந்தது. "பிள்ளை பொறந்ததும் பாக்க வரணும்டி" என்பாள். "வர்றேன்க்கா" என்பேன். சிவகாசியைத் தாண்டி நான் தனியாகப் பஸ் ஏறியதில்லை. போக மாட்டேன், இதோடு அக்கா முகம் அவ்வளவுதான் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அந்தத் தை மாதத்தில் ஒருநாள் காலம் தப்பி மேகம் கூடியது. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போகாத. வர்ற மொத பஸ்ல ஏறுவோம்."

"எங்கக்கா?"

"தெரிஞ்சா அப்பறம் எதுக்குப் போறது?"

வந்தது விருதுநகர் பஸ். வழக்கம்போல நான் வாசலோரம் உட்கார்ந்தேன். ஆமத்தூர் வந்ததும் அக்கா சட்டென்று எழுந்துவிட்டாள்.

"எம்புட்டுத் தடவ இந்த ஊரத் தாண்டிப் போயிருக்கோம். ஒரு நாளாச்சும் எறங்கியிருக்கமா?"

"இங்கன நமக்கு யாருக்கா இருக்கா?"

"எறங்குனாத்தானடி தெரியும்."

பஸ் போய்விட்டது. மேகம் வேப்ப மரங்களின் தலைக்கு மேலேயே நின்றது. காலையா சாயங்காலமா என்று சொல்ல முடியாத வெளிச்சம். எதற்கும் நிழல் இல்லை. ஆட்டுக்கு இல்லை, மின்கம்பத்துக்கு இல்லை, எங்களுக்கும் இல்லை. நிழல் இல்லாமல் நடக்கும்போது கால் தரையில் படுகிறதா என்றே சந்தேகமாக இருந்தது. அப்படியே மிதந்துபோய் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம்.

கடைச் சுவர் முழுக்க எங்கள் ஊர் அச்சாபீஸ் கழிவுத் தாள். மை பார்ப்பதற்காக ஒரே தாளில் திரும்பத் திரும்ப அடித்தது. முருகன் முகத்துக்குள் பனிமலை, பனிமலைக்குள் பிஸ்கட் பாக்கெட். அதைப் பார்த்துக்கொண்டே காப்பியை ஒரு வாய் குடித்திருப்பேன்.

டமார் என்றது.

அடுத்து எனக்குத் தெரியும்போது நடுரோட்டில் வெறுங்காலோடு நிற்கிறேன். கையில் கிளாஸ். காப்பி சேலையில். எந்தக் கம்பெனியோ, எத்தனை பேரோ என்று நாலு பக்கமும் புகையைத் தேடினேன். இன்றைக்குத்தான் எல்லா ஷெட்டும் காலியாயிற்றே என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

"என்னம்மா, காப்பி அம்புட்டு மோசமாவா இருக்கு? ஒருத்தி ரோட்டுக்கு ஓடுதீக, ஒருத்தி அடுப்படிக்குள்ள ஓடுதாக!" கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "காதுகுத்து வீட்டுக்குத் தாய்மாமன் சீரு வருது. வெடி போடுறாக. நீங்க எந்த ஊரு?"

"சிவகாசி. வெடிக் கம்பெனி."

"அது சரி! நீங்க செஞ்ச வெடிக்கு நீங்களே ஓடுதீகளா!"

அக்காவைக் காணவில்லை. அவளும் அவள் வாசலைத்தான் பார்த்து ஓடியிருக்கிறாள். எதிர்ப் பக்கம், கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள். தூரத்திலிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஏட்டி! இங்கன வாடி!"

"நீங்க வாங்கக்கா!"

"நான் வந்துருவேன். இது வராதுடி!"

கடைக்காரரிடம் சுற்றிப் போக வழி கேட்டேன். "வேலி அடைச்சிருக்கு. வீட்டுக்குள்ளயே போங்க. நம்ம வீடுதான்" என்றார்.

நீளமான, ஜன்னல் இல்லாத வீடு. முன்வாசல் வெளிச்சம் முதுகுப் பக்கம் சின்னதாகிக்கொண்டே போனது. பின்வாசல் இன்னும் கண்ணில் படவில்லை. இட்லி ஆவியும் புகையும். எந்த வாசலும் கிட்டத்தில் இல்லாத ஓர் இடத்தில் கால் நின்றுவிட்டது. தரையில் உட்கார்ந்து மாவு கரைத்துக்கொண்டிருந்த கடைக்காரர் பெண்சாதி காலை மடக்கி வழி விட்டாள்.

"போங்க, போங்க. ஒங்க அக்கா 'ஏசப்பா'ன்னு பறந்ததுல மாவுச் சட்டி தப்புனதே பெருசு. சாப்பிட்டீகளா?"

அந்தக் கேள்விக்கு இல்லை என்று தலையாட்டியபோது கால் தானாக நகர்ந்தது.

பின்வாசலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை. கறுப்பு மண் மேல், கறுத்த மேகத்துக்குக் கீழே, கண்ணுக்கு எட்டிய மட்டும் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. வாசனை வந்த பிறகுதான் கொத்தமல்லி என்று விளங்கியது. இத்தனை வருஷமாக வறுக்கிறேன், பொடிக்கிறேன், குழம்பு வைக்கிறேன். அது பூக்கும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. பூவுக்குள் தேனீக்கள் இரைந்தன. கொத்தமல்லிக் காடே மெல்ல மூச்சு விடுவது போலிருந்தது. நடுவில், வரப்பில், இடுப்பளவு வெள்ளைக்குள் அக்கா.

"உக்காரு."

"எங்கக்கா உக்கார?"

"எங்கனயும் உக்காரு. இங்கன எந்தப் பக்கம் ஓடுனாலும் வாசல்தான்."

அவளை ஒட்டி உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. கடைக்காரர் பெண்சாதி இரண்டு தட்டில் இட்லி கொண்டுவந்து வரப்பில் வைத்துவிட்டு, எங்களை ஒரு தினுசாகப் பார்த்தபடி போனாள். காட்டில் உட்கார்ந்து பூப் பார்க்கிறவர்களை அவள் பார்த்திருக்க மாட்டாள்.

மறுபடி டமார். தோள் தூக்கிப் போட்டது. அக்கா என் காலைப் பார்த்தாள். கால் இருந்த இடத்தில் இருந்தது.

"திருப்பூர் பஸ்ல வாசலோரம் எடம் கெடைக்காதுடி," என்றாள் இட்லியைப் பிட்டுக்கொண்டே.

"நடுவுல உக்காந்துக்கிருவேன்க்கா."

"பாப்பம், பாப்பம்."

பங்குனியில் பேத்தி பிறந்தாள் என்று போன் வந்தது. திருப்பூர் பஸ்ஸில் இடம் நடுவில்தான் கிடைத்தது, ஜன்னலோரம். ஆமத்தூர் வந்ததும் எட்டிப் பார்த்தேன். டீக்கடையின் முன்பக்கம் மட்டும் வந்து, போனது. பின்னால் அப்படி ஒரு காடு இருந்ததற்கு ரோட்டிலிருந்து அடையாளமே இல்லை. அடுப்பை அணைத்தேனா என்ற நினைப்பு மதுரை வரைக்கும் கூடவே வந்தது. அதற்கப்புறம் தூங்கிவிட்டேன் போல.